சிவப்பு நாற்காலிக்கு நாலு வரிசை கீழே

"அந்த ஒரு சீட்டு மட்டும் ஏன்ட்டி செவப்பா இருக்கு?" என்று அம்மா பின்னால் திரும்பிப் பார்த்துக் கேட்டபோது சுடர்க்கொடி ஒரு வாக்கியத்தைத் தொண்டைவரை கொண்டுவந்திருந்தாள். நாளைக்குக் காலையில் உனக்கு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்ம்மா. அவ்வளவுதான் வாக்கியம். பல் தேய்க்கும்போது, ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மைதான வாசலில் பையைத் திறந்து காட்டியபோது என்று காலையிலிருந்து அவள் வாய்க்குள்ளேயே கிடந்து, எது வார்த்தை எது எச்சில் என்று தெரியாத பதத்துக்கு அது ஊறிப்போயிருந்தது. இப்போது சொல்லியிருப்பாள். ஆனால் அம்மா சீட்டைக் கேட்டுவிட்டாள், கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கச் சுடருக்குத் தெரியாது, அது அவளுடைய வியாதி. ஆகவே சொன்னாள்: இந்த ஃபென்வே பேஸ்பால் மைதானத்திலேயே ரொம்பத் தூரம் போன பந்து அங்கேதான் விழுந்தது, நாற்பத்தாறாம் வருஷம், அப்போது இங்கெல்லாம் வெறும் பெஞ்சு, ஒருவன் வைக்கோல் தொப்பி போட்டு உட்கார்ந்திருந்தான், வெயில் கண்ணில் அடித்ததில் பந்து வந்ததையே அவன் பார்க்கவில்லை, தொப்பியைப் பொத்துக்கொண்டு தலையில் விழுந்தது. "அடப் பாவமே. செத்துட்டானா?" இல்லை, சாகவில்லை, இந்த மைதானத்தில் இன்னும் எவ்வளவு தூரம் தள்ளி உட்கார்ந்தால்தான் ஒருத்தன் பத்திரமாக இருக்கலாம் என்று பத்திரிகைக்காரர்களிடம் கேட்டானாம். அம்மா சிரித்தாள். சிரிக்கும்போது இடது கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டே சிரித்தாள், சுடர் அதைப் பார்த்தாள், பார்த்ததை அம்மாவும் பார்த்தாள், உடனே இருவரும் பச்சைப் புல்லைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எவ்வளவு தூரம். கோவில்பட்டியிலிருந்து பாஸ்டன் எவ்வளவு தூரம், இரண்டு விமானம், மூன்று விமானம், அவ்வளவு தள்ளி வந்து உட்கார்ந்துகொண்டு, முந்தாநாள் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் எடுக்கக் கடைக்குப் போய், போட்டுப் பார்க்கும் அறையில் கையைத் தூக்கு என்றபோது அம்மா பல்லைக் கடித்தாள். அந்த வெள்ளை விளக்கில் சுடர் கண்டாள், இடது மார்பின் ஓரத்தில் தோல் உள்ளுக்குள் இழுத்துக்கொண்டு ஒரு சின்னக் குழியாக, யாரோ உள்ளேயிருந்து நூலால் பிடித்து இழுப்பதுபோல. "கொழுப்புக்கட்டி. அது கிடக்கு ஒரு வருஷமா." என்னம்மா இது என்று அவள் வாயெடுப்பதற்குள், "இந்தப் பேச்சை எடுத்தேன்னா நாளைக்கே பிளேன் ஏறிருவேன். சத்தியமாச் சொல்லுதேன்." ஞாயிற்றுக்கிழமை எப்படியும் ஏறப்போகிறாள். இன்றைக்கு வியாழன்.

ஆட்டம் அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஒருவன் எறிகிறான், ஒருவன் மட்டையோடு நிற்கிறான், அடித்தால் ஓடிப்போய் முதல் மூலையில் கிடக்கும் வெள்ளைத் திண்டை மிதிக்க வேண்டும், இவ்வளவுதான்ம்மா என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். வெளியூர் அணியில் இதுவரை யாரும் மிதிக்கவில்லை. வந்தவனெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பிப் போனான். எதிரே அந்தப் பெரிய பச்சைச் சுவர், சுவருக்குள்ளேயே ஆள் இருந்து கையாலேயே எண் பலகைகளை மாட்டுகிற சுவர், அதில் வெளியூர் அணிக்குப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் பூஜ்யம். சுடருக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் மைதானங்கள்தான் ஆராய்ச்சி. இடித்த மைதானங்கள். புரூக்ளினில் ஒரு பழைய மைதானத்தை இடித்தபோது, கறுப்பினத்து ஆட்டக்காரன் ஒருவன் முதன்முதலாக வெள்ளையர்களோடு இறங்கி விளையாடிய அதே மைதானம், இடிக்க வந்த இரும்புக் குண்டுக்கு வெள்ளையடித்துச் சிவப்பில் தையல் போட்டு ஒரு பேஸ்பால் பந்தாகவே ஆக்கிவிட்டார்கள். பாண்டு வாத்தியம் வேறு. இதைத் துறையின் வாராந்திரக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு பேராசிரியர், அது அன்பினால் செய்தது, பிரியாவிடை என்றார். அவள் எழுந்து நின்று, இடிக்கிற குண்டுக்கு எதற்கு சார் வேஷம், குண்டு என்றே காட்டினால் ஜனங்கள் அழுதிருப்பார்கள், அழவிடாமல் செய்ததற்குப் பெயர் அன்பா என்று கேட்டாள். அவர் தொண்டையைச் செருமினார். இவளுக்கு அன்று ராத்திரிவரை காது சூடாக இருந்தது, ஜெயித்த சூடு. கொழுப்புக்கட்டி. அதுவும் வெள்ளையடித்த குண்டுதான். அம்மாவே பெயிண்ட் அடித்து, அம்மாவே தையல் போட்டு. எழுந்து நின்று கேட்க வேண்டியதுதானே இப்போது. எழுந்து நின்று கேட்பதற்கு எதிரே பேராசிரியர் வேண்டும். பெரியம்மா, அம்மாவின் அக்கா, மதுரையில் டாக்டர் கேன்சர் என்று சொன்ன அன்றைக்குப் படுத்தவள், அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அதுக்கு முந்தின நாள்வரைக்கும் கிணத்துல தண்ணி எறைச்சா, அந்தாளு ஒரு வார்த்தை சொன்னான், அக்கா முடிஞ்சுட்டா என்று அம்மா சொல்லிச் சொல்லி, சொல்லிச் சொல்லி, இப்போது வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது, செய்தித்தாளில் வந்தால்கூட அம்மா அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுவாள். பெயர் வைத்தால்தான் அதற்குக் கால் முளைக்கும். பெயர் வைக்காதவரை அது நம் வீட்டுப் பிள்ளை மாதிரி மூலையில் உட்கார்ந்திருக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், அம்மா, செண்பகவல்லி டீச்சர், அப்படிப்பட்டவளே இல்லை. கோவில்பட்டி அரசுப் பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் பி.டி. டீச்சர், கழுத்தில் விசில், செம்மண் ஏறிய வெள்ளை கேன்வாஸ், ஹாக்கி மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றால் தெருவில் போகிறவன் சைக்கிளைவிட்டு இறங்கிப் போவான். உடம்பு சரியில்லை டீச்சர் என்று மரத்தடியில் ஒதுங்கி நிற்கிற பிள்ளைகளை, "என்ன சரியில்லை? காய்ச்சலா, வயித்துப்போக்கா, பீரியட்ஸா? பேரு இருக்குல்ல, பேரைச் சொல்லுட்டி. வெக்கப்பட்டா வலி குறையுமா?" என்று மைதானத்துக்கே கேட்கும்படி அதட்டுவாள். அதில் ஒரு பிள்ளையாகச் சுடரும் நின்றிருக்கிறாள், செத்துவிடலாம்போல இருந்தது, அப்புறம் அந்தக் குரலைத்தான் அவள் தன் குரலாக எடுத்துக்கொண்டாள். இன்று காலையில்கூட, வரும் வழியில், மாரத்தான் முடிகிற இடத்தில் நடுரோட்டில் போட்டிருக்கிற கோட்டைக் காட்டி, அறுபத்தேழில் ஒரு பெண் பெண்ணென்று தெரியாதபடி பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிக் கொடுத்து நம்பர் வாங்கி ஓடினாள்ம்மா, ஓட்டத்தை நடத்துகிற ஆளே பாதி வழியில் பாய்ந்து வந்து அவள் நம்பரைப் பிய்க்கப் பார்த்தான், பொம்பளை ஓடினால் கர்ப்பப்பை கழன்று விழுந்துவிடும் என்று அப்போதெல்லாம் டாக்டர்களே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள் என்று மூச்சு வாங்கச் சொல்லி முடித்தபோது அம்மா அந்தக் கோட்டின்மேல் செருப்பை வைத்துக்கொண்டு, "ஓடி முடிச்சாளா இல்லையா, அதைச் சொல்லு" என்றாள். முடிச்சா. "அது போதும்." பிறகு கொஞ்ச தூரம் போனபின், "எங்க காலேஜ்ல எண்ணூறு மீட்டரோட நிறுத்திட்டானுக. அதுக்கு மேல எனக்கு மூச்சு இருந்துச்சு" என்று கடை ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். எவ்வளவு மூச்சு இருந்தது, எங்கே வைத்தாய் அதையெல்லாம், யார்மேல் கோபப்படுவது, எப்போதும்போல் சுடருக்கு உலகத்தின்மேலேயே கோபம் வந்தது, கோபம் வந்தால் தேவலை, கோபம் இருக்கிறவரைக்கும் பயத்துக்கு உட்கார இடமில்லை. "ஏட்டி, அந்தப் பையன் ஏதும் தப்புப் பண்ணிட்டானா?" அம்மா பெரிய திரையைக் காட்டினாள். எறிகிறவன், நெட்டையாய், காது சிவந்த பையன், ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சின் ஒரு கோடியில் தனியாக இருந்தான். அவனுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் நாலு பேர் உட்காரலாம். ஒருத்தனும் அவன் பக்கம் திரும்பவில்லை. அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அவன்கிட்டப் பேச மாட்டேங்கானுகளே. பாவம், வீட்டை விட்டு ஒதுக்கி வச்சவன் மாதிரி உக்காந்திருக்கான்."

அது இல்லைம்மா என்று சுடர் ஆரம்பித்தாள். அவன் நன்றாக ஆடுகிறான், இதுவரை ஒருத்தனையும் திண்டை மிதிக்க விடவில்லை, கடைசிவரை இப்படியே முடித்தால் அது பெரிய சரித்திரம், ஆயுசுக்கும் பேசுவார்கள். அதனால்தான் யாரும் பேசுவதில்லை. சொன்னால் கெட்டுவிடும் என்று நம்பிக்கை. கூட ஆடுகிறவன் பக்கத்தில் உட்காரமாட்டான், பார்க்கிறவன் வாயைத் திறக்கமாட்டான். அம்மா தலையாட்டினாள், ரொம்ப நேரம் ஆட்டினாள். "நல்ல பழக்கம்தான்" என்றாள். அந்த 'தான்' சுடரின் நெஞ்சில் போய் இடித்தது. என்ன நல்ல பழக்கம். முப்பதாயிரம் பேர் சேர்ந்து ஒருவனைத் தனியாக உட்காரவைப்பது நல்ல பழக்கமா. அவனுக்குத் தெரியாதா என்ன, எல்லாரையும்விட அவனுக்குத்தான் தெரியும், ஒவ்வொரு பந்துக்கும் தெரியும், தெரிந்ததைக் கூடப் பகிர ஆளில்லாமல் ஷூவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு வருஷமா கிடக்கு என்றாளே, ஒரு வருஷம் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாகத் தொட்டுப் பார்த்திருப்பாள், போன மாதத்துக்கு இந்த மாதம் பெரிசா சின்னதா என்று, அப்பா வெளியே தினசரியைப் படித்துக்கொண்டிருப்பார், இவள் இங்கேயிருந்து வீடியோவில் கூப்பிட்டு ஜனநாயகம் பற்றிப் பேசியிருப்பாள். நடுவில் நாலு பேர் உட்காரலாம். சுடருக்கு அடுத்த நாற்காலியில் ஒரு கிழவர் இருந்தார், தோல் முழுக்கப் புள்ளி, பழைய தொப்பி, மடியில் அட்டை வைத்து ஒவ்வொரு எறிதலையும் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தவர். நாலாவது இன்னிங்ஸ்வரை அம்மாவிடம் தன் பேத்தியின் போட்டோவெல்லாம் காட்டி, மேம், உங்கள் சேலை இந்த மைதானத்துக்கென்றே நெய்ததுபோல் பச்சை என்றவர். ஐந்தாவதிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டார். இப்போது ஏழாவது. அட்டையின் மேல் தொப்பியைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தார். "உங்கள் அம்மாவுக்கு ஆட்டம் புரிகிறதா?" என்று மெதுவாகக் கேட்டார். புரிகிறது, இப்போது என்ன நடக்கிறது என்பதைக்கூடச் சொல்லிவிட்டேன் என்றாள் சுடர். அவர் முகம் மாறியது. "சொன்னீர்களா? வாய்விட்டா?" தமிழில்தான் என்றாள். அவர், தமிழ் கணக்கில் வராது என்று முடிவுசெய்ததுபோல் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில்தான் சுடருக்குப் பற்றிக்கொண்டது. தமிழ் கணக்கில் வராதா. மூடி வைத்த தொப்பி, தாழ்ப்பாள், மடித்த செய்தித்தாள். அவள் ஆங்கிலத்தில், தன் கருத்தரங்குக் குரலில், முன்னால் இரண்டு வரிசைக்கும் பின்னால் அந்தச் சிவப்பு நாற்காலிவரைக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இந்தப் பையனின் பந்தை இதுவரை ஒருத்தர்கூட அடிக்கவில்லை. ஒருத்தர்கூட. சொல்லிவிட்டேன். என்ன ஆகிவிட்டது இப்போது?"

அடுத்த பந்தை அடித்துவிட்டார்கள். பெரிய அடிகூட இல்லை, மட்டையின் நுனியில் பட்டுச் சோம்பேறித்தனமாக எழும்பி, ஓடி வந்தவனின் கைக்கு ஒரு முழம் முன்னால், அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழேயே புல்லில் விழுந்தது, இவளுக்கென்று கொண்டுவந்து வைத்ததுபோல. அடித்தவன் வெள்ளைத் திண்டில் நின்று கையுறையைக் கழற்றினான். மைதானம் முழுக்க ஒரு பெரிய மாடு படுப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது. பிறகு சுற்றியிருந்த தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முன் வரிசைத் தடியன் கையிலிருந்த பீரைக் கீழே வைத்துவிட்டு, "நன்றி சகோதரி, இது என் கல்யாண நாள்" என்றான். யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், "இவளை அடுத்த ஊர் அணிக்கு அனுப்புங்கப்பா, அங்கே போய்ப் பேசட்டும்." விளையாட்டுத்தான், பாதி விளையாட்டு. கிழவர் மட்டும் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டார், அந்தக் கோட்டைப் பார்க்கச் சுடருக்குத் தாங்கவில்லை. சொன்னதால் இல்லை, சொன்னதால் நடக்காது, அது மடத்தனம், அது அவளுக்கு நூறு சதவீதம் தெரியும், தெரிந்தும், அப்படியானால் நாளைக்கு டாக்டர் அறையில் அவர்கள் வாயைத் திறந்து சொல்லும்போது, பெரியம்மா, கிணற்றடி, அய்யோ நான் ஏன் வாயைத் திறந்தேன். அப்போது அம்மா எழுந்தாள். முப்பது வருஷம் மைதானத்தில் நின்ற எழுச்சி அது, ஸ்வெட்டருக்குமேல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மெமோ கொடுக்கிற இங்கிலீஷில் தடியனிடம் ஆரம்பித்தாள். "மிஸ்டர். மை டாட்டர் ஒன்லி டோல்டு. தட் பாய் ஷோல்டர் ஆல்ரெடி டவுன்." தன் வலது தோளைத் தூக்கி எறிவதுபோல் காட்டி, பிறகு கொஞ்சம் இறக்கிக் காட்டினாள், ஃபர்ஸ்ட் லைக் திஸ், லாஸ்ட் இன்னிங்ஸ் லைக் திஸ், நௌ லைக் திஸ். ஐ ஆம் சீயிங், ஐ ஆம் சீயிங். தடியன் வாயைப் பிளந்து பார்த்தான். கிழவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "மேம் சொல்வது சரி. நானும் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன்" என்றார். அம்மா உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. இன்னும் கோபம் ஆறாமல் சுடர் பக்கம் திரும்பி, "நீ சொன்னதுனாலயா அடிச்சான்? கிறுக்கு மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு இருக்காத. அது முன்னாடியே அங்கன இருந்துச்சு. சொன்னாலும் இருந்துச்சு, சொல்லாட்டாலும்" என்றவள் நிறுத்தினாள்.

நிறுத்தினாள் என்றால், ஓடிக்கொண்டிருந்தவள் குழியைக் கண்டு நிற்பதுபோல. சுடர் அதைப் பார்த்தாள். அம்மாவின் வாதத்தில் அம்மாவே வந்து விழுந்திருக்கிறாள், இனி ஒரே ஒரு கேள்வி போதும், அப்போ அதுவும் அப்படித்தானேம்மா என்று கேட்டால் போதும், எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேரை இந்த இடத்தில் வைத்து அவள் முடித்திருக்கிறாள். கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஜெயிக்க வேண்டாம்போல இருந்தது. கீழே அந்த அரை இன்னிங்ஸ் எப்படியோ முடிந்து எறிகிறவன் தலைகுனிந்து வெளியேறினான், திரையில் அவன் பெஞ்சுக்கு வருவது தெரிந்தது, வந்ததுதான் தாமதம், மற்ற பையன்களெல்லாம் எழுந்து வந்து மொய்த்துக்கொண்டார்கள், ஒருவன் தலையைக் கலைத்தான், ஒருவன் முதுகில் அறைந்தான், ஒருவன் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஏதோ சொல்ல, நெட்டையன் முகத்தைத் துண்டால் துடைத்தபடி சிரித்தே விட்டான். "இப்பம்தான் பேசுதானுக" என்றாள் அம்மா. "எம்புட்டு நேரம் தனியா இருந்தான்." அப்போது மைதானத்து ஆர்கன் இசை ஆரம்பித்தது, ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லாரும் எழுந்து காலை நீட்டிக்கொள்கிற வழக்கம், மைதானம் முழுவதும் எழுந்து நின்றது, தடியன் எழுந்தான், கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார், முன்னும் பின்னும் முதுகுகளும் இடுப்புகளும் சட்டைகளும் சுவராக நின்றன, எல்லாரும் ஒரே குரலில் பாட ஆரம்பித்தார்கள். சுடரும் எழுந்திருக்கப் போனாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். வெளிச்சம் குறைந்த ஒரு கிணறு மாதிரி இருந்தது அங்கே, மேலே பாட்டு, கீழே இவர்கள் இருவர். அம்மா அவளைப் பார்க்காமல், எதிர் முதுகையே பார்த்துக்கொண்டு, அந்தக் கையை எடுத்து முந்தானைக்குள், ஸ்வெட்டருக்குள் கொண்டுபோய் இடது பக்கத்தில் வைத்தாள். சுடர் பால் குடித்த இடம். கெட்டியாக, ஓர் ஓரம் கரடாக, நகராமல் இருந்தது அது. அதற்கு அடியில் இதயம் அடித்தது, நல்ல வேகமாக, எண்ணூறு மீட்டருக்கு மேலேயும் ஓடக்கூடிய மூச்சு. "கை ஐஸா இருக்குட்டி உனக்கு" என்றாள் அம்மா. கையை எடுக்க விடவில்லை. பிறகு, பாட்டுச் சத்தத்துக்கு நடுவில், காதோடு, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்றாள். எது என்றாள் சுடர், தன் குரலா என்று தெரியாத குரலில். "குளிக்கிற ரூமுக்குள்ள போய் போன்ல பேசினா எனக்குக் கேக்காதா? என்கிட்ட எப்பச் சொல்லப் போறன்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன், ரெண்டு நாளா. ஊரெல்லாம் வாய் கிழியப் பேசுத." காலையிலிருந்து ஊறிய வாக்கியம் வாய்க்குள் இருந்தது, அதில் ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. பாட்டு முடிந்தது. முதுகுகள் ஒவ்வொன்றாக உட்கார, வெயில் அவர்கள் மேல் மறுபடி வந்து விழுந்தது, அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், சுடரின் விரல்களை மட்டும் விடாமல் தன் மடியில் வைத்துச் சூடு வர அழுத்தித் தேய்த்தாள். "சரி, அதை விடு. வெறும் வயித்துல போணுமா, சாப்பிட்டுட்டுப் போலாமா?" எல்லாம் தெரிந்த சுடர்க்கொடி அதைக் கேட்டு வைத்திருக்கவில்லை.